நாய் வளர்க்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

"மனுஷங்களுக்கு நாடி பிடிக்கிற சித்த வைத்தியருக்கு நாயைப் பத்தி என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாய்க்கு வைத்தியம் பார்க்க மிருக டாக்டர் இருக்கிறார். அவர் வேலையில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் தூத்துக்குடியில் என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் தொந்தரவுகளில் நாயும் அடிக்கடி வந்து நிற்கிறது. குழந்தையின் காலில் நகக் கீறல், பாட்டிக்கு நாய் முடியால் தும்மல், சுவரில் ஏறுகிற உண்ணி, ராத்திரி பூராவும் குரைப்பதால் கெட்டுப் போன தூக்கம், அதனால் பக்கத்து வீட்டோடு சண்டை... இப்படி!

அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான். முதல் கேள்வி, "டாக்டர், பிள்ளைங்க ரொம்ப ஆசைப்படுதுக. எந்த ஜாதி நாய் வாங்கலாம்?" நாய் வாங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆனவர்கள் கேட்பது இரண்டாவது கேள்வி: "ஒரு தடவை குட்டி போட வச்சிருவோமா?"

இரண்டுக்கும் நான் ஒரே இடத்தில்தான் பதிலை ஆரம்பிப்பேன். ஆசைப்படுவது நாம், அந்த ஆசையைச் சுமப்பது அந்த வாயில்லா ஜீவனின் உடம்பு. அதன் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்த்து முடிவு செய்தால் நாயும் நன்றாக இருக்கும், நம் வீடும் நன்றாக இருக்கும். நம் கண்ணுக்கு எது அழகு என்று மட்டும் பார்த்தால் இரண்டும் கெடும்.

நாய்க்கு வியர்க்காது!

நமக்கு உடம்பு பூராவும் வியர்க்கிறது. நாய்க்கு அந்த வசதி இல்லை. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் காற்றில் உலர வேண்டும். உலர்ந்தால்தான் சூடு தணியும்.

நம்ம ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். கடல் காற்றிலேயே ஈரம். சித்திரை, வைகாசியில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும்; துவைத்துப் போட்ட துணிகூட பிசுபிசுக்கும். அந்தக் காற்றில் நாய் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் சூடு லேசில் இறங்காது. நாயின் இயல்பான உடம்புச் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 106-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

சித்த மருத்துவத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பார்த்துத்தான் உடம்பையும் பார்க்கச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு நிலத்தில் ஒத்துக்கொள்வது இன்னொரு நிலத்தில் ஒத்துக்கொள்ளாது. இது மனுஷனுக்கு மட்டுமல்ல, மிருகத்துக்கும் பொருந்துகிற நியாயம்தான். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த சைபீரியன் ஹஸ்கிக்கு இரட்டை அடுக்கு முடி. அதை நெய்தல் நிலத்தில் கொண்டு வந்து மொட்டை மாடியில் கட்டிப் போட்டால் என்ன ஆகும்?

"ஏ.சி. ரூம்லதான் வச்சிருக்கோம் டாக்டர்" என்பார்கள். சரி, மத்தியானம் கரண்ட் போனால்? வீட்டார் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் வெளியூர் போனால்? ஏ.சி. ரூமிலேயே அடைந்து கிடப்பது ஓடியாடப் பிறந்த நாய்க்கு ஒரு வாழ்க்கையா?

இன்னொன்று சப்பை மூக்கு நாய்கள். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே குட்டி குட்டிக் கால்களோடு ஒரு 'பக்' நாய் ஓடி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதன் பிறகு ஊர் ஊராக அந்த நாய்க்கு கிராக்கி. அந்த மூக்கு சப்பையாகத் தானாக அமைந்துவிடவில்லை. தட்டையான மூஞ்சியுள்ள நாய்களாகப் பார்த்துப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்ததால் வந்தது. மூக்குத் துவாரம் குறுகல். உள்ளே மேலண்ணத்தின் மெல்லிய சதை தொண்டையை அடைக்கும். அது 'கொர் கொர்' என்று விடுகிற குறட்டையை நாம் ரசிக்கிறோம். உண்மையில் அது மூச்சுக்குப் படுகிற பாடு. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டிய ஒரு ஜீவனுக்கு, மூச்சு விடவே வழி குறுகலாக இருந்தால்?

2024-ல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டபோது, நம் வெயிலுக்கு ஒத்துவராத சில வெளிநாட்டு இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்ற யோசனையை அதில் சேர்த்திருந்தது. காரணம் இந்த வெயில்தான்.

ஏற்கெனவே அப்படி ஒரு நாய் வீட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம்; விரட்டிவிடவும் வேண்டாம். காலை 7 மணிக்கு முன்னாலும், வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் வெளியே கூட்டிப் போங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். அஞ்சு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. எச்சில் வழிய, தள்ளாடி, கண் சொருகினால் நிழலுக்குக் கொண்டு போய்ச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, ஃபேன் போட்டுவிட்டு, உடனே மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நம்ம ஊர் நாய்க்கு என்ன குறைச்சல்?

வெளிநாட்டு நாய்க்கு அலைகிற நமக்கு, கூப்பிடு தூரத்தில் இருக்கிற செல்வம் தெரிவதில்லை. நம் மாவட்டத்துக் கோவில்பட்டி, கழுகுமலைக் கரிசல் காட்டில் ஓடுகிறது கன்னி நாய். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த நாய் என்று அந்தப் பக்கம் சொல்லுவார்கள். பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும். தேனிப் பக்கம் கோம்பை. வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்து விரட்டிய இடத்தில் கோட்டை எழுந்தது என்ற பாஞ்சாலங்குறிச்சிக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வேட்டை நாய் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 2005 ஜனவரி 9-ம் தேதி தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் நம்ம ராஜபாளையமும் ஒன்று.

குட்டை முடி, ஒல்லி உடம்பு, நீளமான மூக்கு. இந்த வெயிலுக்கென்றே அமைந்த உடல்வாகு. ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. இவை முயல் விரட்டப் பிறந்தவை. ரெண்டு ரூம் ஃபிளாட்டில் கட்டிப் போட்டால் சோபாவைக் கிழிக்கும், சுவரைத் தாண்டும், பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடிக்கும். அது நாயின் குணக்கேடு இல்லை. ஓட இடம் கொடுக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இந்த நாய்.

"எங்க வீட்ல இடமும் கிடையாது, பெரிசா செலவழிக்கவும் முடியாது" என்கிறவர்களுக்கு என் சிபாரிசு சாதாரணத் தெரு நாய்க் குட்டிதான். இந்தக் காற்றிலேயே பிறந்து, இந்த வெயிலிலேயே தேறி வந்த உடம்பு. தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, சோறு போட்டு வளர்த்தால் எந்த ஜாதி நாய்க்கும் அது இளைத்ததில்லை.

வெள்ளைக்குக் கொடுத்த விலை

'நம்ம ஊர் நாய்' என்று பெருமைப்படுவதோடு நிறுத்திக்கொண்டால் போதாது. ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. இதுதான் 'அசல்' என்று பெயர். அதனால் நிறம் கலந்து பிறந்த குட்டிகளை ஒதுக்கிவிட்டு, வெள்ளையையும் வெள்ளையையுமே சேர்த்து வந்தார்கள். விளைவு? இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது தெரிந்த விஷயம்.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? தோலுக்கு நிறம் தருகிற அணுக்கள் உள்காதிலும் இருக்கின்றன. காதின் நரம்பு அணுக்கள் உயிரோடு இருக்க அவை தேவை. நிறமே இல்லாத வெள்ளைக்காகத் தேர்ந்தெடுக்கும்போது உள்காதிலும் அந்த அணுக்கள் இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட குட்டிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடும். இது ராஜபாளையத்துக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களை அமெரிக்காவில் சோதித்தபோது, 100-ல் சுமார் 30 நாய்களுக்கு ஒரு காதிலோ இரண்டு காதிலோ கேட்கவில்லை.

காது கேளாத காவல் நாயை என்ன செய்வார்கள்? திருடன் வருவதும் அதற்குத் தெரியாது. எஜமான் கூப்பிடுவதும் தெரியாது. பின்னால் போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். கடைசியில் 'வெறி பிடிச்ச நாய்' என்ற கெட்ட பெயர்! குட்டி வாங்கும்போது அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்; சாவிக் கொத்தை ஆட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகளோடு இருக்கும்போது பார்க்காமல் தனியாக வைத்துப் பாருங்கள். ஏனென்றால் செவிட்டுக் குட்டி மற்ற குட்டிகளைப் பார்த்து அதே மாதிரி திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத் தனி டெஸ்ட் இருக்கிறது.

இனத்தின் பெயரைக் காப்பாற்ற அம்மாவோடு மகனையும், அண்ணனோடு தங்கையையும் இணை சேர்ப்பதும் இதே போன்ற கதைதான். மனுஷரில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் பரம்பரை நோய் வர வாய்ப்பு அதிகம் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். நாய்க்கும் அதே ரத்தம், அதே கணக்கு. இன்னும் சிலர் வீரமாகத் தெரிய வேண்டும் என்று காதை வெட்டுகிறார்கள், வாலை நறுக்குகிறார்கள். மிருகத்தின் அங்கத்தைச் சிதைப்பது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

"ஒரு தடவையாவது குட்டி போடணும்!"

இரண்டாவது கேள்விக்கு வருவோம். "பொட்டை நாய் ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்று ஒரு நம்பிக்கை நம் வீடுகளில் பலமாக இருக்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. உண்மை இதற்கு நேர்மாறு. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் கோக்கும் நோயும், மடியில் கட்டியும் வருகிற வாய்ப்பு அதிகம். சீழ் கோத்தால் அவசர ஆபரேஷன்தான். தாமதித்தால் உயிர் போகும். தக்க வயதில் கருத்தடை செய்தால் முதல் ஆபத்து அநேகமாக இல்லாமலே போகும். இரண்டாவதும் குறையும். எந்த வயதில் செய்யலாம் என்பதை உங்கள் நாயைப் பார்த்து மிருக டாக்டர் சொல்வார்.

"ஆபரேஷன் பண்ணுனா குண்டாயிரும்லா டாக்டர்?" ஆகலாம். சோற்றைக் குறைத்து, நடையைக் கூட்டினால் சரியாகிவிடும். நமக்குச் சொல்கிற பத்தியம்தான்!

குட்டிதான் வேண்டும் என்கிறவர்களுக்கு 2017-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் இருக்கின்றன. விற்பனைக்காக நாய் வளர்ப்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெண் நாய்க்கு 18 மாதம் நிரம்பாமல் இணை சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. ஆயுளில் அஞ்சு ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வயதுக்கு மேல் கூடவே கூடாது. குட்டிக்கு 8 வாரம் ஆகாமல் விற்கக் கூடாது. நீங்கள் குட்டி வாங்கப் போகும்போது இதையெல்லாம் தைரியமாகக் கேளுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். 'அது இங்க இல்ல' என்று மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். எலும்பும் தோலுமாக, மடி தொங்கிப் போன ஒரு தாயை ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

எழுபதைத் தாண்டிய நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு முத்துக் குளிப்பு ஞாபகம் இருக்கும். நினைத்த வருஷமெல்லாம் குளிக்க முடியாது. கடலடியில் இருக்கிற பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியிருந்தால்தான் குளிப்பு. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப் பிறகு நம் கரையில் அப்படி ஒரு முத்துக் குளிப்பு நடக்கவே இல்லை. அவ்வளவு பெரிய கடலே ஓய்வு கேட்கும்போது, ஒரு நாயின் கர்ப்பப்பை கேட்காதா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாய் 63 நாள் சினை சுமந்து ஒரே ஈற்றில் ஆறு, ஏழு குட்டி போடும். கிடா நாய்க்காரருக்குக் கூலியாக ஒரு குட்டி. ஆண் குட்டிகளை ஆளுக்கொன்றாக வாங்கிப் போவார்கள். பெண் குட்டி? "பொட்டைக் குட்டி வேண்டாம், அப்புறம் அது குட்டி போட்டுத் தொலைக்கும்" என்பார்கள். கடைசியில் சாக்கில் கட்டி மார்க்கெட் ஓரத்திலும், உப்பளத்துப் பக்கமும் விட்டுவிட்டு வருகிறார்கள். பிழைத்த குட்டி வளர்ந்து அடுத்த வருஷம் அதே தெருவில் குட்டி போடும். 'தெருநாய்த் தொல்லை' என்று நாம் மனு கொடுக்கிற நாய்களில் நம் வீட்டு வாசலில் இருந்து போனவையும் உண்டு. எல்லாக் குட்டிக்கும் நல்ல வீடு முன்கூட்டியே கிடைத்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் குட்டி வேண்டாம்.

நமக்கு மருந்து, அதற்கு விஷம்

நான் தினமும் பூண்டின் பெருமை பேசுகிறவன். வெங்காயத்தைச் சோற்றோடு கடிக்கச் சொல்கிறவன். ஆனால் இந்த இரண்டும் நாய்க்கு ஆகாது! அதன் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கொண்டு வரும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் அப்படியே. திராட்சை, உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் கூடாது. உப்புக் கருவாடு வேண்டாம். கடற்கரையில் வலையிலிருந்து எறிந்து கிடக்கிற பேத்தை மீனை வாய் வைக்க விடாதீர்கள். அதன் விஷம் மூச்சையே நிறுத்திவிடும். நாய்க்குக் காய்ச்சல் என்று நம் பாரசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் ஆபத்து. என் சூரணமும் லேகியமும்கூட வேண்டாம்!

கடித்தால் பச்சிலை தேடாதீர்கள்

இது எல்லாவற்றையும்விட முக்கியம். 2024-ம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் பேரை நாய் கடித்ததாகவும், 43 பேர் ரேபிஸ் வந்து இறந்ததாகவும் சுகாதாரத் துறைக் கணக்கு சொல்கிறது. ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் கடித்த உடனே ஊசி போட்டுக்கொண்டால் வராமலே தடுக்கலாம். 1885-ல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்ட நாளிலிருந்து உலகத்துக்குத் தெரிந்த உண்மை இது.

ஒரு சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: ரேபிஸுக்குப் பச்சிலை மருந்து கிடையாது. ஊமத்தை இலை, எருக்கம்பால், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், மந்திரித்த கயிறு... எதுவும் வேண்டாம். ஊமத்தையை உள்ளுக்குக் கொடுத்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். கட்டுப் போடாதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது தோலில் போடுகிற முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-வது நாட்களில் போடுகிறார்கள். ரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.

"வீட்டு நாய்தான் டாக்டர், விளையாட்டுக்குக் கீறிச்சு" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் எனக்குப் பயம். குட்டி நாய்க்கும் ரேபிஸ் வரும். கீறலும் கடிதான். கணக்குப் பார்க்கிற வேலையை ஆஸ்பத்திரி டாக்டருக்கு விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: நாய் கீறியதை வீட்டில் சொன்னால் அடி விழாது.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசிகள் ஆரம்பம். 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி. பிறகு வருஷா வருஷம். பூச்சி மருந்தும் தவறக் கூடாது. நாயின் குடற்புழு மண்ணில் கலந்து, வெறுங்காலோடு விளையாடுகிற நம் பிள்ளைகளுக்கும் வரும். நாயை நன்றாகப் பார்த்துக்கொள்வது நம் வீட்டுக்கும் செய்துகொள்கிற வைத்தியம்தான்.

வாங்கும் முன் வீட்டில் பேசுங்கள்

* நாய் 10 முதல் 15 வருஷம் இருக்கும். ஆறாம் கிளாஸ் பையன் கேட்டான் என்று வாங்கினால், அவன் காலேஜ் முடித்து வெளியூர் வேலைக்குப் போன பிறகும் அது உங்கள் வாசலில் இருக்கும். அப்போது யார் பார்ப்பது?

* தினமும் காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப் போவது யார்? பேரைச் சொல்லி முடிவு செய்யுங்கள். 'எல்லாரும் பார்த்துக்குவோம்' என்றால் கடைசியில் வீட்டு அம்மா தலையில்தான் விழும்.

* வீட்டில் ஆஸ்துமாக்காரர், கைக்குழந்தை இருக்கிறார்களா? அவர்கள் டாக்டரைக் கேட்டீர்களா?

* ஊசி, மருந்து, சாப்பாடு, அவசர ஆபரேஷனுக்கு மாதா மாதம் கொஞ்சம் ஒதுக்க முடியுமா?

* வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? உங்கள் ஊர் மாநகராட்சி, நகராட்சியில் நாய்க்குப் பதிவு உண்டா என்று விசாரித்தீர்களா?

எல்லாவற்றுக்கும் 'சரி' என்று பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒன்றுக்காவது தயக்கம் இருந்தால் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். அதுவரை பிள்ளைகளைச் சாயந்திரம் கடற்கரைக்குக் கூட்டிப் போய், வளர்ப்பு நாயோடு வருகிறவர்களிடம் பேசச் சொல்லுங்கள். நாயைத் தடவிக் கொடுப்பதற்கு முன்னால் அதன் எஜமானிடம் அனுமதி கேட்கவும் சொல்லிக் கொடுங்கள். நாய் வளர்ப்பில் அதுதான் பிள்ளைகள் படிக்க வேண்டிய முதல் பாடம்.